புல்லை மடக்கும் பழைய மெஷின்: சாணைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: மாமனார் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது, பங்களாவில் கழித்துப் போட்ட கையால் தள்ளும் புல்வெட்டும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். பக்கத்தில் 'இப்ஸ்விச்' என்று எழுத்து வார்த்திருக்கிறது. இருபது வருஷம் விறகுப்புரையில் கிடந்தது. பொழுதுபோக்காகத் துரு நீக்கி எண்ணெய் போட்டேன். சக்கரம் சுற்றுகிறது, கத்தியும் சுற்றுகிறது. ஆனால் புல்லை மடக்குகிறதே தவிர வெட்டவில்லை. சாணை பிடிப்பவர் 1,200 ரூபாய் கேட்கிறார். பழம்பொருள் வாங்கும் ஒருவர் 3,500 தருகிறேன் என்கிறார். எதைச் செய்வது? (ஓய்வு பெற்ற ஆசிரியர், கருங்கல்)

பதில்: இரண்டும் வேண்டாம் சார்.

உங்கள் மெஷின் அரிவாள் ஜாதி இல்லை, பாக்குவெட்டி ஜாதி. அரிவாளுக்குக் கூர்மை இருந்தால் போதும். பாக்குவெட்டியில் இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சந்திக்க வேண்டும். இடைவெளி விழுந்துவிட்டால் எவ்வளவு தீட்டினாலும் பாக்கு நசுங்கும், துண்டாகாது. இந்த மெஷினைக் கண்டுபிடித்த எட்வின் பட்டிங், துணி ஆலையில் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் 1830இல் இதைச் செய்தார். சுற்றுகிற ரீலில் முறுக்கிய கத்திகள், அதன் கீழே அசையாமல் ஒரு அடிக்கத்தி. புல் அந்த இரண்டுக்கும் நடுவில் அகப்படுகிறது. உங்களுடையது மடக்குகிறது என்றால் அந்த இரண்டும் சந்திக்கவில்லை என்று அர்த்தம்.

சாணைக்காரர் என்ன செய்வார்? ரீலின் ஒவ்வொரு கத்தியையும் தனித்தனியாகக் கல்லில் காட்டுவார். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் ஒரு கத்தி அரை நூல் தாழ்ந்து, அடுத்தது உயர்ந்து, ரீல் உருண்டையாக இல்லாமல் போய்விடும். அப்புறம் உயர்ந்த கத்தி மட்டும் அடிக்கத்தியில் இடிக்கும், மற்றவை காற்றில் சுற்றும். அவர் கெட்ட மனுஷர் இல்லை, அவர் தொழில் மீன்கத்தியும் கொடுவாளும். இப்படிச் சாணை பிடித்துக் கெடுத்த மூன்று ரீல்கள் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. மூன்றுமே நல்ல மெஷின்கள்.

முதலில் ரீலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் உள்ளே சைக்கிள் மாதிரி கோலிக்குண்டுகள்தான். சைக்கிள் கடையில் பழைய குண்டைக் காட்டி அதே அளவு வாங்கி, கிரீஸ் வைத்து மாற்றலாம். ஆட்டத்தை நிறுத்தாமல் கத்திப் பக்கம் போகாதீர்கள்.

அப்புறம் இரண்டு ஓரத்திலும் உள்ள திருகுகள். ஒரு பக்கம் கால் சுற்று, மறுபக்கம் கால் சுற்று என்று மாற்றி மாற்றித் திருகி, ரீலையும் அடிக்கத்தியையும் நெருக்குங்கள். லேசாக உரசும் சத்தம் கேட்க வேண்டும், பிடிக்கக் கூடாது. செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்து, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இடையில் விட்டு ரீலை மெதுவாகச் சுற்றுங்கள். இடம், நடு, வலம் மூன்றிலும் எல்லாக் கத்தியும் தாளை வெட்ட வேண்டும். விரலைத் தள்ளி வையுங்கள். மோட்டார் இல்லையே என்று அலட்சியம் வேண்டாம், சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினால் விரல் நுனியை எடுத்துவிடும். பாதி மெஷின்களுக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

தாள் அங்கங்கே மடங்கினால் பேஸ்ட் போட வேண்டும். மோட்டார் ஸ்பேர்ஸ் கடையில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் என்று கேளுங்கள், இரும்பைத் தேய்க்கும் நறநறப்பான பசை அது. கத்தி விளிம்பில் பிரஷால் தடவி, ரீலைப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். முன்பக்கம் சுற்றினால் பயன் இல்லை.

பின்பக்கம் எப்படிச் சுற்றுவது? இங்கே என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். முதல் மெஷினைக் கழற்றிப் பூட்டியபோது தள்ளினால் ரீல் சுற்றவில்லை, பின்னால் இழுத்தால் சுற்றியது. இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். சக்கரத்துக்குள்ளே ரீலின் அச்சில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும், அதற்குள் நாக்கு மாதிரி ஒரு இரும்புத் துண்டு. இடதும் வலதும் வேறு வேறு. நான் மாற்றிப் பூட்டியிருந்தேன். அதே தப்பை நீங்கள் வேண்டுமென்றே செய்யுங்கள். இடத்தை வலத்தில், வலத்தை இடத்தில் போட்டு, மெஷினைக் கட்டை மேல் ஏற்றி, சக்கரத்தைப் பின்பக்கம் கையால் சுற்றினால் ரீலும் பின்பக்கம் சுற்றும். ஐந்து பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திருகைத் துளி நெருக்கி, எல்லாக் கத்தியிலும் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சீராகச் சாம்பல் கோடு தெரியும்வரை விடாதீர்கள். பிறகு டீசலில் பேஸ்டை முழுக்கக் கழுவுங்கள். கொஞ்சம் மிஞ்சினாலும் பேரிங்கைத் தின்றுவிடும். பல்சக்கரங்களைத் திரும்ப அதனதன் இடத்தில் மாட்டுங்கள். சக்கரத்தைக் கழற்றும்போது கீழே வெள்ளைத் துணி விரியுங்கள், அந்த நாக்கு விழுந்து உருண்டால் தென்னை மூட்டில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டு ஓரமும் தாளை வெட்டுகிறது, நடுவில் மட்டும் மடங்குகிறது, எவ்வளவு திருகினாலும் நடு வரவில்லை என்றால் ரீலின் நடு தேய்ந்து குழிந்திருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். இந்த இடத்தில்தான் ஆட்கள் அவசரப்பட்டுப் பட்டறைக்கு ஓடுகிறார்கள். ஓடுவதற்கு முன் அடிக்கத்தியைக் கழற்றுங்கள். கத்திக்கும் அதைத் தாங்கும் வார்ப்புச் சட்டத்துக்கும் நடுவே துரு அப்பம் மாதிரி உப்பி, கத்தியைத் தள்ளி வளைத்திருக்கும். முட்டம், குளச்சல் கடற்கரையோர வீடுகளில் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். அந்தத் துருவைச் சுரண்டி, கத்தியைச் சமமாக உட்கார வைத்துப் பூட்டினாலே நடு சரியாகிவிடும். அதன் பிறகும் போஸ்ட் கார்டு நுழைகிற அளவு இடைவெளி நின்றால்தான் ரீல் குழிந்திருக்கிறது என்று முடிவு செய்யுங்கள். அப்போதும் சாணைக்காரரிடம் போகாதீர்கள். கிராங்க் ஷாஃப்ட் கிரைண்டிங் செய்யும் பட்டறையில், ரீலை இரண்டு முனையிலும் தாங்கிச் சுற்றவிட்டு மொத்தமாகக் கல் ஓட்டித் தருவீர்களா என்று கேளுங்கள். நான்கு பேர் மாட்டேன் என்பார்கள். ஒரு ரீலுக்காக மெஷினை செட் பண்ண யாருக்கும் மனசு வராது. ஐந்தாவது ஆள், வயசானவராக இருந்தால், ஆர்வத்தோடு வாங்கிக்கொள்வார்.

போல்ட் விஷயம். இப்ஸ்விச் இங்கிலாந்து ஊர். அங்கே செய்த பழைய மெஷினில் விட்வொர்த் மரை, அதாவது இஞ்சுக் கணக்கில் வெட்டிய பழைய பிரிட்டிஷ் மரை. கடையில் கைக்குக் கிடைத்த மில்லிமீட்டர் போல்ட்டைக் கொடுத்து 'கொஞ்சம் இறுக்கமா இருக்கும், ஸ்பேனர் போட்டா ஏறிரும்' என்பார்கள். ஏறும், வார்ப்பின் மரையை அழித்துக்கொண்டு ஏறும். அரை இஞ்சு போல்ட் என்றால் இஞ்சுக்குப் பன்னிரண்டு மரை இருக்கிறதா என்று எண்ணி, பி.எஸ்.டபிள்யூ. (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் விட்வொர்த்) என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மெட்ரிக் சட்டம் 1956இல் வந்தது. இன்றைக்கும் கடையில் பேச்சு எல்லாம் இஞ்சில், சரக்கு மட்டும் மில்லிமீட்டரில். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமே என்பீர்கள். ஒரு அடிக்கத்தி வரவழைத்தேன். சுங்கத்தில் 'இது விவசாயக் கருவியா, வீட்டு உபயோகப் பொருளா' என்று கேட்டு மூன்று வாரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் கத்தியின் விலையைவிட வரியும் கட்டணமும் கூட. கையில் வாங்கியபோது பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. அதற்கு ஒரு படிவம் உண்டாம். நான் வாங்கவில்லை.

பழைய பெயின்டை உப்புத்தாளால் உலரத் தேய்க்காதீர்கள், ஈயம் இருக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கழிவைப் பொதிந்து எறியுங்கள், பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

இனி அந்த 3,500 ரூபாய்க்காரர். இவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்காரரிடம் 'அண்ணாச்சி, ஆக்கர் (பழைய இரும்பு) கடையில் கிலோ கணக்குக்குத்தான் போகும், நான் பாவம் பார்த்துத் தாறேன்' என்பார்கள். அதே சாமானை ரிசார்ட்டுக்காரரிடம் வெள்ளைக்காரன் காலத்துப் பொருள் என்று விற்பார்கள். நடுவில் செய்வதெல்லாம் கறுப்பு பெயின்ட், எழுத்துக்குத் தங்கக் கலர். வார்ப்பில் விரிசல் இருந்தால் பட்டி வைத்து மூடிவிடுவார்கள். நீங்கள் இன்னொன்று வாங்கப் போனால் சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத் தகடுகளில் ஓட்டிப் பாருங்கள், பட்டி உள்ள இடத்தில் ஒட்டாது. சின்ன ஸ்பேனரால் தட்டினால் நல்ல வார்ப்பு மணி மாதிரி ஒலிக்கும், விரிசல் உள்ளது சட்டி மாதிரி. 'வெல்டிங் வச்சாச்சு, பயமில்லை' என்றால் இரட்டிப்பு பயம். சும்மா வைத்த வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே வார்ப்பிரும்பு மறுபடி விரியும். உங்கள் வீட்டு மெஷினை அவர் 'சும்மா பார்க்கிறேன்' என்று சக்கரத்தைக் கழற்றவும் விடாதீர்கள். நாக்கு காணாமல் போனால் விலை தானாக இறங்கும்.

எல்லாம் சரியானதும் மழைக்குப் பிறகு வளர்ந்த புல்லில் நேராக இறக்காதீர்கள். கணுக்கால் உயரத்துக்கு மேல் போன புல்லை இந்த மெஷின் எப்போதுமே மடக்கத்தான் செய்யும், பழுதென்று நினைத்து மறுபடி திருகைத் தொடுவீர்கள். முதல் தடவை அரிவாளால் தாழ்த்திவிட்டு, கல்லும் தென்னை ஈர்க்கும் பொறுக்கிவிட்டு, வெயிலில் ஈரம் காய்ந்த பிறகு தள்ளிப் பாருங்கள். வேலை முடிந்ததும் கத்தியில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். மெஷின் ஆயிலே போடுங்கள்.