கர்நாடக இசை ஒலிப்பதிவுக்கு மதிப்புரை எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நாகர்கோவில் சிற்றிதழ் ஒன்றுக்காக தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றிய நீலகண்ட சிவனின் பாடல்களுடைய ஒலிப்பதிவுகளை மதிப்பிடுவதாகவும், பாட்டைப் பற்றி எழுதுவதா, பதிவைப் பற்றி எழுதுவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் எழுத வேண்டும். ஆனால் ஒன்றன் குறையை மற்றதன் மேல் ஏற்றக் கூடாது.

கச்சேரியில் பதிவானதா, ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானதா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடமே அடங்கும் என்பதால், அதில் விரிவான ஆலாபனையும் (பாடல் வரியின்றி ராகத்தை விரித்துப் பாடுதல்) நிரவலும் (பாட்டின் ஒரு வரியைப் பலவாறு விரித்துப் பாடுதல்) இல்லையென்று பாடகரைக் குறை சொல்வது நியாயமன்று. அத்தட்டை உரிய வேகத்தைவிடக் கூட்டிச் சுழலவிட்டுப் படியெடுத்திருந்தால் சுருதி ஏறும், காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) விரையும், குரலும் இயல்பிழந்து மெலிந்து ஒலிக்கும். அது பாடியவரின் பிழையன்று.

வடிவீஸ்வரத்தில் 1839இல் பிறந்த நீலகண்ட சிவனின் ‘என்றைக்கு சிவகிருபை’ என்னும் முகாரி ராகக் கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். தைவதம் என்பது ஏழு சுரங்களுள் ஆறாவது; முகாரியின் ஆரோகணத்தில் (ஏறுவரிசையில்) அதன் உயர்ந்த வகையான சதுச்ருதி தைவதமும், அவரோகணத்தில் (இறங்குவரிசையில்) தாழ்ந்த வகையான சுத்த தைவதமும் வருகின்றன. ராகத்தின் உருக்கம் பெரிதும் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வயலினின் ஒலியளவு குரலை மூடும்படி கலந்திருந்தால் அந்தத் தைவதத்தின் கமகமே (சுரத்தை அசைத்துப் பாடும் அழகே) காதில் விழாது. ஆகவே, அவ்விடத்தைக் காதொலிப்பானில் பலமுறை கேட்டு, மறைத்தது பதிவா, தவறவிட்டது குரலா என்று தெளிந்தபின் எழுதுங்கள். சாகித்தியச் சொற்கள் (பாடல் வரிகளின் சொற்கள்) சிதையாமல் ஒலிக்கின்றனவா என்பதையும், பக்கவாத்தியக் கலைஞர்களின் பெயர்களையும் விடாமல் குறிப்பிடுங்கள்.