வன்னியில் இருந்து நுவரெலியா போவது காசுக்குப் பெறுமதியா?

"மலைப்பக்கம் போய் இரண்டு நாள் நிற்பதில் அப்படி என்ன இருக்கிறது, எல்லாரும் ஏன் நுவரெலியாவுக்கே ஓடுகிறார்கள்?" என்பது கேள்வி.

கிளிநொச்சிக்காரனாகச் சொல்கிறேன்: காட்சி எல்லாம் பிறகு, முதலாவது குளிர்தான்.

சோளகம் என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் பக்கம் நின்று பாருங்கள். சிறுபோகத் தண்ணீர் கிடைக்காத வயல் வெடித்துக் கிடக்கும். ஃபானைப் போட்டால் வெக்கைதான் சுற்றிச் சுற்றி வரும். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம்; நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அந்தக் கணக்கு உடம்புக்கு விளங்குவது கம்பளை தாண்டி வான் ஏறத் தொடங்கும்போதுதான். றம்பொடை வளைவுகளில் காது அடைக்கும். ஏசியை நிற்பாட்டிக் கண்ணாடியைத் திறக்கச் சொல்லிப் பின்சீற்றில் இருந்து சத்தம் வரும். கொஞ்சத்தில் அதே ஆக்கள்தான் "மூடுங்கோ, மூடுங்கோ" என்பார்கள். ரோட்டோரக் கடையில் இலையோடு கட்டி வைத்திருக்கும் கரட்டைப் பார்த்துவிட்டால் எந்த அம்மாவும் வானை நிறுத்தாமல் விடமாட்டார். ஊரிலும் அதே கரட் கிடைக்கும், அது வேறு கதை.

வெள்ளைக்காரர்களும் கீழ்நாட்டு வெயிலுக்குத் தப்பித்தான் அங்கே வீடு கட்டினார்கள். 1870களில் ஆளுநர் கிறகரி காலத்தில் வாவியையும் உண்டாக்கினார்கள். இன்றைக்கு நாங்கள் படகு ஓடுவது அதில்தான்.

ஆனால் எல்லாருக்கும் அது உல்லாசம் இல்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் எங்களுக்குள் நிறைய. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் அப்படி வந்தவர்தான். வானில் ஒரு சீற் இருக்கிறது, வாருங்கள் என்றோம். "அந்தக் குளிருல அட்டைக்கடியோட கொழுந்து எடுத்தவளுக்கு அங்க என்னத்தப் பார்க்க இருக்கு தம்பி?" என்று கேட்டுவிட்டு முற்றம் கூட்டப் போய்விட்டார். தேயிலை மலையின் முன் நின்று செல்ஃபி எடுக்கும்போது அது எனக்கு ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

எப்போது போவது என்பதுதான் முக்கியம். ஏப்ரல் சீசனில், குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நேரம் போனால் அறை வாடகை எகிறும், வாகனம் நகராது. என்னைக் கேட்டால் ஆடி, ஆவணியில் நுவரெலியாவை விட்டுவிட்டு அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் போங்கள். தென்மேற்குக் காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, இந்த ஊர்கள் இருக்கும் ஊவாவுக்குள் காய்ந்துதான் இறங்கும். எங்களைக் காய்ச்சும் அதே சோளகம்தான், ஆனால் அங்கே குளிரோடு வரும். ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் ஏறுவதும் அந்தக் காற்றில்தான். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் இருக்கும் 1921ஆம் ஆண்டு ஒன்பது வளைவுப் பாலத்தையும் அதோடு பார்த்துவிடலாம், கூட்டம் இருக்கும். மாரியில் போகாதீர்கள். எங்களுக்குப் பெய்யும் வடகீழ் மழை ஊவாவையும் விடாது, மண்சரிவுப் பயம் வேறு.

பெறுமதியா என்றால், என் கணக்கில் ஆம், குழந்தைகள் இருந்தால் கட்டாயம். காசு கொடுக்க முதல் அறைக்குள் போய்க் கம்பளியைத் தொட்டுப் பாருங்கள், ஈரம் இருக்கும். பைப்பைத் திறந்து சுடுதண்ணி வருகிறதா என்றும் பாருங்கள். ஜன்னலால் வாவி தெரிவதற்குக் கூடக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், பாதி நேரம் பனிமூட்டம்தான் தெரியும்.