நிரப்பிய காணியில் வீடு: முற்பணம் கொடுக்குமுன் நிலத்தைத் துளைத்துப் பாருங்கள்

வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கும் வாசகர் ஒருவர் வெல்லம்பிட்டிப் பக்கம் 8 பேர்ச் காணி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். முன்பு சதுப்பாகக் கிடந்த இடம். 5 அடிக்கு மண் நிரப்பி மூன்று வருடமாகிவிட்டது, நிலம் நன்றாக இறுகிவிட்டது என்கிறாராம் விற்பவர். வெள்ளத்துக்குப் பயந்து இன்னும் 2 அடி உயர்த்திவிட்டு இரண்டு மாடி வீடு கட்டுவது வாசகரின் திட்டம். "வாங்கலாமா? அத்திவாரத்தைப் பலமாகப் போட்டால் போதும்தானே?" என்று கேட்டிருக்கிறார்.

வாங்கலாம், நிலத்தைத் துளைத்துப் பார்த்த பிறகு. ஆனால் அந்த 2 அடி மண்ணை இப்போதே மறந்துவிடுங்கள்.

கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் மேடும் பள்ளமுமாகத்தான் பார்க்க வேண்டும். மேடுகள் கபுக் கல். கீழேயுள்ள பழம் பாறை மழையிலும் வெயிலிலும் உக்கிச் சிவந்து இறுகியது அது; வீட்டுக்கு அதைவிட நல்ல நிலம் கிடைக்காது. பள்ளங்களின் கதை வேறு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் கீழே இருந்தது. ஆறுகள் ஆழமாக வெட்டிக்கொண்டு ஓடின. பிறகு பனி உருகிக் கடல் ஏற, அந்தப் பள்ளத்தாக்குகள் களப்பாகி, களிமண்ணும் சேறும் நிறைந்து, சதுப்பாகின. ஆண்டாண்டாய் விழுந்த புல்லும் நாணலும் வேரும் தண்ணீருக்குள் காற்றுப்படாமல் கிடந்ததால் முழுதாக உக்கவில்லை. பீட் மண் என்பது அதுதான். முத்துராஜவெலயும் கொலன்னாவைச் சதுப்பும் இப்படி வந்தவையே. ஒரே ஒழுங்கையில் ஒரு வீடு கபுக்கில் நிற்க, நாலு வீடு தள்ளி இன்னொன்று பல மீற்றர் பீட்டின்மேல் நிற்பது இதனால்தான்.

பீட் மண்ணில் திண்மப் பொருள் கொஞ்சம், தண்ணீர்தான் அதிகம். காய்ந்த பொருளின் எடையைப்போல் பல மடங்கு தண்ணீர் இருக்கும். மேலே பாரம் ஏறினால், நனைந்த தும்பு மெத்தையில் ஆள் ஏறி நின்றதுபோல, தண்ணீர் வெளியேறி மண் அமுங்கும். முதல் அமுக்கம் ஓரளவு விரைவாக முடிந்துவிடும். அதற்குப் பிறகும் நார்கள் மெல்ல மெல்ல நெரிந்து பல பத்தாண்டுகளுக்கு நிலம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். நிரப்பும் மண் ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 1.8 தொன். 5 அடி என்பது சுமார் 1.5 மீற்றர், ஆகவே சதுர மீற்றருக்கு 2.7 தொன். 8 பேர்ச் முழுவதற்கும் 540 தொன்னுக்கு மேல் வருகிறது. சாதாரண வீட்டில் ஒரு மாடிக்குச் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 1 தொன் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது உங்கள் காணியில் மிகப் பாரமான பொருள் வீடல்ல, மண். இன்னும் 2 அடி கொட்டினால், ஒரு மாடியைக் காணி முழுவதற்கும் பரப்பி வைத்ததற்குச் சமம். அமுக்கம் புதிதாகத் தொடங்கிவிடும்.

விற்பவரை நான் முற்றாக மறுக்கவில்லை. மூன்று வருடமாக அந்த மண் அங்கே கிடந்தது உண்மையென்றால் அது உங்களுக்கு இலாபம். மென்மண்ணின்மேல் வேண்டுமென்றே பாரமேற்றிக் காத்திருந்து, அமுங்கவேண்டியதை அமுங்கவிட்டுப் பிறகு கட்டுவது பெருந்தெருக்காரர் செய்யும் வேலைதான். 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேக வீதியின் சதுப்புப் பகுதிகளிலும் அப்படிச் செய்தார்கள். ஆனால் வாய்ச்சொல்லை நம்பவேண்டியதில்லை. கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து பழைய செய்மதிப் படங்களை ஆண்டாண்டாகப் பாருங்கள். எப்போது பச்சை மறைந்து செம்மண் தெரிகிறது என்பது அதில் இருக்கும்.

"பலமான அத்திவாரம்" என்ற பேச்சு எனக்கு எப்போதும் எரிச்சல் தரும். கொங்கிறீற்றைத் தடிப்பாக்கினால் பாரம்தான் கூடும். இறங்குவது பல மீற்றர் கீழேயுள்ள மண். வீடு முழுவதும் ஒரே அளவாக இறங்கினால் பெரிய கேடில்லை. ஒரு மூலைக்குக் கீழே பழைய ஓடை ஓடியிருந்து அங்கே பீட் ஆழமாக இருந்தால், அந்த மூலை மட்டும் இறங்கும். யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு அப்படி வருவது.

அக்கம்பக்கத்தைச் சுற்றிப் பாருங்கள். மதில் சாய்ந்திருக்கிறதா, கேற் நிலத்தில் உரசுகிறதா, வாசற்படி வீட்டைவிட்டு விலகியிருக்கிறதா? பைல், அதாவது உறுதியான படைவரை இறக்கும் நீளத் தூண், அடித்த வீடுகளில் வேடிக்கை வேறுவிதம்: வீடு உயர்ந்ததுபோலத் தெரியும், படிக்குக் கீழே கை நுழையும் இடைவெளி இருக்கும். வீடு அப்படியே நிற்க, நிலம் இறங்கியிருக்கிறது. மலசலகூடக் குழாய்கள் சுவரோரம் உடைவதும் அங்கேதான்.

துளையிடும் ஆய்வைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் செய்கிறது, தனியாரும் செய்கிறார்கள். ஒரு துளை போதாது. எதிரெதிர் மூலைகளில் குறைந்தது இரண்டு வேண்டும், உறுதியான படை வரும்வரை போகவேண்டும். அறிக்கையில் எஸ்.பி.டி. எண்ணைத் தேடுங்கள்; நிலம் எவ்வளவு இறுக்கம் என்பதைக் காட்டுவது அது. 63.5 கிலோ சம்மட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்ரிமீற்றர் இறங்க எத்தனை தரம் அடிக்க வேண்டும் என்று எண்ணுவார்கள். பீட்டில் அது 0, 1, 2 என்று வரும். சில இடங்களில் சம்மட்டியைச் சும்மா வைத்தாலே குழாய் இறங்கிவிடும். மாதிரி மண் எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கறுப்பு மண்ணைக் கையில் பிழியுங்கள்: தண்ணீர் மட்டும் வந்தால் நார் இன்னும் உக்கவில்லை, சேறாக விரலிடுக்கால் வந்தால் நன்றாக உக்கிவிட்டது. சுவீடன்காரர் வொன் போஸ்ட் நூறு வருடத்துக்கு முன் வகுத்த சோதனை இது, இன்றும் பொறியியலாளர்கள் செய்கிறார்கள்.

மென்படை மெல்லியதாக இருந்தால் ராஃப்ட் அத்திவாரம், அதாவது வீடு முழுவதற்கும் அடியில் ஒரே கொங்கிறீற்றுத் தட்டு, சரிவரலாம்; ஆழமென்றால் பைல்தான். ஆனால் பைல் போட்டபின் மண் கொட்டினால், இறங்கும் மண் பைலையும் பிடித்துக் கீழே இழுக்கும். கறுப்பு மண்ணைத் தோண்டி வெளியே போட்டும் வைக்காதீர்கள். உவர்ச் சதுப்பு மண்ணில் உள்ள கந்தகம் காற்றுப்பட்டால் அமிலமாகி, சீமெந்தையும் கம்பியையும் தின்னும்.

பாரம் எல்லைமீறினால் என்ன நடக்கும் என்பதை 2017 ஏப்ரல் 14 மீதொட்டமுல்லவில் பார்த்தோம். குப்பைமேட்டைத் தாங்காமல் அடியிலிருந்த மென்மண் நெளிந்து, பக்கத்து வீடுகளையும் தூக்கிச் சரித்தது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். உங்கள் 5 அடி அந்த அளவில்லை, பயப்படவேண்டாம்.

வெள்ளத்துக்கு வழி வேறு இருக்கிறது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது அந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பழைய குடியிருப்பாளரிடம் கேட்டு, அந்த மட்டத்துக்கு மேல் தூண்களில் வீட்டை ஏற்றுங்கள். கீழே வாகனம் நிற்கட்டும். மண்ணும் வேண்டாம், உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும் சண்டையும் வேண்டாம்.

கடைசியாக, தாழ்நிலத்தை நிரப்பக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி தேவை. விற்பவர் அதை எடுத்தாரா என்று கேட்டு, கடிதத்தின் பிரதியைக் காணி உறுதியோடு சேர்த்து உங்கள் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அது இல்லாவிட்டால், மண் எவ்வளவு நல்லதென்றாலும் வீட்டு வரைபடத்துக்கு அனுமதி எடுப்பதில் சிக்கிக்கொள்வீர்கள்.