வளைவில் வழுக்கும் பின்சக்கரம்

கேள்வி: பழைய 100 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியுள்ளேன். ஆரியங்காவு மலைப்பாதையில் மழை நாட்களில் பின்சக்கரம் வழுக்குகிறது. அகலமான டயர் போட்டால் சரியாகுமா?
- வாசகர், செங்கோட்டை

பதில்: அகலத்தை யோசிக்கும் முன் டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்க எண் 2318 என்றிருந்தால், அந்த டயர் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. பட்டன் (டயரின் மேற்பரப்பிலுள்ள புடைப்புகள்) தேயாமல் இருந்தாலும், இறுகிப்போன ரப்பர் ஈரச்சாலையில் பிடிக்காது. பெரும்பாலும் கோளாறு இங்கேதான் இருக்கும்.

உங்கள் வண்டியில் 2.75-18 அளவு (2.75 அங்குல அகலம், 18 அங்குல ரிம்) இருந்தால், பின்னால் 3.00-18 வரை போகலாம். அதுவும் ரிம்மின் அகலம் இடம் கொடுத்தால் மட்டுமே. குறுகிய ரிம்மில் 100/90 (100 மி.மீ. அகலம்) போன்ற பெரிய டயரைத் திணித்தால், அதன் ஓரங்கள் உள்ளிழுக்கப்பட்டு வடிவம் கெடுவதோடு, வண்டி வளைவில் சாயவே தயங்கும்; செயின் கவரிலும் உரசக்கூடும். ஆகவே அளவைக் கூட்டச் செலவிடும் பணத்தில், முன்னும் பின்னும் நல்ல புதிய டயர்களாக வாங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. டியூபையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்குமாதலால், முதல் 150 கிலோமீட்டர் வரை புனலூர்ப் பக்கத்து வளைவுகளில் வண்டியை அதிகம் சாய்க்காதீர்கள்.