தழும்பைப் பற்றி இரண்டு பக்கம், வலியைப் பற்றி ஒரு வரி

கேள்வி: எனக்கு வயது 46. இரண்டு வருடத்துக்கு முன் இடது மார்பகத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். கீமோ முடிந்து கரண்டும் வைத்தார்கள். பிறகு சினைப்பைகளையும் எடுத்துவிட்டு, தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இன்றுவரை என் மார்பை நான் கண்ணாடியில் பார்த்ததில்லை. விளக்கை அணைத்துவிட்டுத்தான் புடவை மாற்றுகிறேன். நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் என் கணவர் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் ஆபரேஷன் சமயத்தில் ஹாலில் மகனோடு படுக்கப் போனவர், இன்னும் அங்கேயேதான் படுக்கிறார். ஒரே ஒரு முறை முயன்றோம், வலி தாங்கவில்லை. என்னைப் பார்த்தால் அவருக்கு அருவருப்பா? உறவு வைத்துக்கொண்டால் நோய் திரும்ப வருமா? நாத்தனாரிடம் லேசாகச் சொன்னதற்கு, 'உயிர் பொழச்சதே பெருசு அண்ணி, இந்த வயசுல இது வேறயா' என்றாள். நான் கேட்பது தப்பா டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி மாவட்டம்

பதில்: தப்பே இல்லை அம்மா. நாத்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் உயிர் பிழைத்தவர்களுக்குத்தானே இந்தக் கேள்வியே வரும்!

இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். முழுக் கடிதத்தில் தழும்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வலியைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு வைத்தியம் இருக்கிறது. உங்கள் கணவர் ஹாலிலேயே தங்கிவிட்டதில் அந்த வலிக்கும் பங்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சினைப்பைகளை எடுத்த அன்றே உடம்பில் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்கிவிடும். கொழுப்புத் திசு போன்ற இடங்களில் கொஞ்சம் ஊறும் மிச்சத்தையும் லெட்ரோசோல் அடைத்துவிடுகிறது. உங்களுக்கு வந்தது ஹார்மோனைத் தின்று வளரும் வகைப் புற்றுநோய் என்பதால், மாத்திரையின் வேலையே அதுதான். ஆனால் பிறப்புறுப்பின் உட்புறத் தோல் ஈரமாகவும் தடிப்பாகவும் இருப்பதற்கும் அதே ஈஸ்ட்ரோஜன்தான் காரணம். அது வற்றினால் தோல் காகிதம்போல மெலிந்து, காய்ந்து, உரசினாலே எரியும். சிலருக்கு சிறுநீர் போகும்போதும் எரிச்சல் இருக்கும். மற்ற பெண்களுக்குப் பத்து வருடத்தில் மெதுவாக நடப்பது உங்களுக்கு ஒரே மாதத்தில் நடந்திருக்கிறது. ஆசை இல்லாததால் வந்த வலி என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். இரண்டையும் ஒன்று என்று நினைத்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒன்று, பிறப்புறுப்புக்கான மாய்ஸ்சரைசர். உறவு இருக்கிறதோ இல்லையோ, முகத்துக்கு க்ரீம் போடுவதுபோல வாரம் மூன்று இரவுகளாவது உள்ளே வைக்க வேண்டும். ஹையலூரானிக் அமிலம் கலந்தது கிடைக்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இன்னொன்று லூப்ரிகன்ட் ஜெல். அது அந்த நேரத்துக்கு மட்டும். வாசனையோ சூடேற்றும் பொருளோ கலக்காததாகப் பார்த்து வாங்கி, இருவருமே தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள். 'பார்மசியில் எப்படிக் கேட்பது' என்று தயங்கினால் பெயரைச் சீட்டில் எழுதி நீட்டுங்கள். சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுப்பதுதானே அவர்கள் வேலை.

ஒரு எச்சரிக்கை. வறட்சி என்று சொன்னால் சில கடைகளில் ஈஸ்ட்ரோஜன் க்ரீமை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். லெட்ரோசோல் சாப்பிடும் நீங்கள் அதைச் சுயமாக வாங்கிப் போடவே கூடாது. வேறு எதற்கும் கேட்கவில்லை என்றால், வேண்டுமா வேண்டாமா என்று உங்கள் புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்யட்டும். அதேபோல, வலிக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவரிடம் சொன்னால் அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்க்கலாம்.

ஒருமுறை வலித்த இடம், அடுத்த முறை தொடுவதற்கு முன்பே இறுகிக்கொள்ளும். இடுப்புத் தசைகளைத் தளர்த்தச் சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள், உங்கள் மருத்துவரைக் கேட்டால் அவர்களிடம் அனுப்பிவைப்பார்.

நோய் திரும்புமா என்றால், உறவால் திரும்பாது. மார்பைத் தொடுவதாலும் திரும்பாது. அவருக்குத் தொற்றவும் தொற்றாது. கரண்ட் வைத்தது வெளியிலிருந்து செலுத்திய கதிர். மேஜையை விட்டு இறங்கியதும் உடம்பில் அதில் எதுவும் மிச்சமில்லை. கீமோ ஏற்றிய முதல் சில நாட்கள் மட்டும் ஆணுறை போடச் சொல்வோம், மருந்து உடல் நீர்களில் கொஞ்சம் கலந்து வரும் என்பதால். உங்களுக்கு அந்தக் கட்டமெல்லாம் எப்போதோ கடந்துவிட்டது.

சரி, உங்கள் கணவர். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? எனக்குத் தெரிந்த இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன். மனைவி ஸ்கேனுக்குள் போன சமயம் பார்த்து என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு, 'டாக்டர், கை பட்டா தையல் பிரிஞ்சிடுமா?' என்று கேட்டார். ஆபரேஷன் முடிந்து அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த அம்மாவும் உங்களைப்போலவே அருவருப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். உங்களை வலியில் துடிக்க வைத்துவிட்டோம் என்ற பயத்தோடு ஒருவர் ஹாலில் படுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. நீங்களோ துண்டைப் போர்த்திக்கொள்கிறீர்கள். அதைப் பார்ப்பவர் 'கிட்டே வராதே' என்றுதானே எடுத்துக்கொள்வார்?

கேட்டுவிடுங்கள். படுக்கையறையில் கேட்க வேண்டாம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது கேளுங்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. 'அன்னைக்கு வலிச்சதுக்கு மாத்திரைதான் காரணமாம். நீங்க உள்ளே வந்து படுங்க, சும்மா பக்கத்துல இருந்தா போதும்.' இவ்வளவு போதும்.

தழும்பை முதலில் பார்க்க வேண்டியவர் நீங்கள். குளித்த பிறகு, பகல் வெளிச்சத்தில், ஒரு நிமிடம் பாருங்கள். அழுகை வந்தால் அழுதுவிட்டு நாளைக்குப் பாருங்கள். அப்புறம் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தொட்டு, தழும்பின்மேல் விரலால் சிறு வட்டமாக அழுத்தித் தேயுங்கள். புண் முழுதும் ஆறிவிட்டதால் தாராளமாகச் செய்யலாம். இறுகிய தோல் இளகும், கையை மேலே தூக்குவதும் சுலபமாகும். தேய்க்கும்போதே எந்த இடம் மரத்திருக்கிறது, எந்த இடம் தொட்டாலே சுரீரென்கிறது என்று உங்களுக்குப் பிடிபடும். அறுவையில் தோலுக்குப் போகும் நரம்புகள் அறுபட்டிருப்பதால் சில இடங்களில் உணர்ச்சி திரும்பாமலே போகலாம். கழுத்து, தோள், முதுகு எல்லாம் அப்படியே இருக்கின்றனவே! சில வாரம் கழித்து, முதுகில் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி அவரைக் கேளுங்கள்.

முதல் சில வாரம் உறவு கிடையாது, தொடுவது மட்டும்தான் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற பாலுறவு ஆய்வாளர்கள் இருவரும் 1970-இல் எழுதிய முறை இது. இன்றும் நாங்கள் சொல்லித்தருகிறோம். முடிவில் வலி இருக்காது என்று தெரிந்தால்தான் உடம்பு இளகும். அதற்கடுத்த கட்டத்தில் இடது கைமேல் பாரம் விழாமல் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் படுப்பதோ நீங்கள் மேலே இருப்பதோ சௌகரியமாக இருக்கும். ஜாக்கெட்டையோ உள்சட்டையையோ கழற்றப் பிடிக்கவில்லை என்றால் போட்டுக்கொண்டே இருங்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை.

வெளியே போக, பை வைத்துத் தைத்த ப்ராவும் சிலிக்கான் மார்பகமும் கிடைக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தால் தோள் சாயும், அதற்கும் இது உதவும். பஞ்சோடு கொஞ்சம் கடுகு சேர்த்து வைத்துத் தைத்துக்கொண்ட ஒரு டீச்சரம்மாவை எனக்குத் தெரியும், கச்சிதமாக இருந்தது. வயிற்றுத் தசையிலிருந்து மார்பகம் அமைக்கும் அறுவையை வருடங்கள் கழித்தும் செய்யலாம். ஆனால் இழந்த உணர்ச்சியை அது முழுதாகத் திருப்பித் தராது. அவருக்காக என்று செய்துகொள்ளாதீர்கள்.

இதே வகைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான டமாக்சிஃபென் சாப்பிடும் இளவயதுப் பெண்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. மாதவிலக்கு நின்றிருந்தாலும் கரு தங்கலாம், அந்த மாத்திரை கருவுக்கு ஆபத்து. ஹார்மோன் கருத்தடை மாத்திரை உங்களுக்கு ஆகாது. காப்பர்-டி அல்லது ஆணுறை சரி. ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் வேண்டாம், ரப்பர் கிழிந்துவிடும்.

மறுபடி உங்களுக்கு. உறவுக்குப் பிறகோ மற்ற நேரத்திலோ துளி ரத்தம் பட்டாலும், தழும்பிலோ அக்குளிலோ புதிதாக முடிச்சு தட்டுப்பட்டாலும், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். செக்கப் நாளில் ஓ.பி. கூட்டத்தில் வாய் வராது என்று எனக்குத் தெரியும். நாங்களும் கேட்பதில்லை. நானே என் தொழிலில் முதல் பத்து வருடம் யாரிடமும் இதைக் கேட்டதில்லை. அதனால், 'லெட்ரோசோல் ஆரம்பித்த பிறகு உறவின்போது வலி, வறட்சி' என்று ஒரு சீட்டில் எழுதி, ஃபைலைத் திறந்ததும் முதலில் கண்ணில் படும்படி பின் பண்ணிக் கொடுத்துவிடுங்கள்.