அம்மா அழுவது அவனுக்குப் புரியவில்லையா?

கேள்வி: 31 வயதான என் தம்பி, மனச்சிதைவு நோய்க்காக 6 ஆண்டுகளாகத் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால், சென்ற மாதம் எங்கள் தாய்மாமா இறந்தபோது, சவம் எடுப்பதற்கு முன்பே, அழுதுகொண்டிருந்த அம்மாவிடம் போய், "சாப்பாடு எப்போது?" என்று கேட்டுவிட்டான். உறவினர்கள் முகம் சுளித்தார்கள், அம்மா உடைந்துபோனார். அவனுக்குப் பாசமே அற்றுப்போய்விட்டதா?
- ஒரு சகோதரி, குடியாத்தம்

பதில்: இந்த ஒரு கேள்வியை வைத்து அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள், சகோதரி. எதிரே இருப்பவரின் கண், புருவம், குரலின் நடுக்கம் ஆகியவற்றிலிருந்து அவர் மனத்தில் ஓடுவதை நாம் நம்மை அறியாமலே ஊகித்துக்கொள்கிறோம். மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பலருக்கு இத்திறன் குறைந்துவிடுகிறது. சிரித்த முகத்தை எளிதாக அடையாளம் காண்பவர்கூட அச்சத்தையும் துயரத்தையும் தவறவிடுவதுண்டு. சவம் எடுக்கும்வரை அடுப்பு எரியாது என்பது போன்ற வழக்கங்களையும் நாம் யாரும் பாடமாகப் படித்ததில்லை, பிறரைப் பார்த்தே பழகிக்கொண்டோம். அந்தப் 'பார்த்துப் பழகுதல்'தான் உங்கள் தம்பிக்குக் கடினமாகியிருக்கலாம்.

தேநீர்க் கடையில் இருவர் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று சிலர் உடனே நம்பிவிடுவதும் இக்குறையைச் சேர்ந்ததே. வேலையில் நிலைப்பதையும் நட்பைக் காப்பதையும் இது பெரிதும் பாதிக்கிறது. குரல்களை அடக்கும் மாத்திரைகள் இக்குறையை அவ்வளவாகச் சரிசெய்வதில்லை. அதற்காக அவற்றை நிறுத்திவிடவே கூடாது, நோய் திரும்பிவிடும்.

பயிற்சியால் முன்னேற்றம் உண்டு. தொலைக்காட்சித் தொடரை ஒலியின்றி ஓடவிட்டு, "இந்த அம்மாள் கோபமாக இருக்கிறாளா, பயந்திருக்கிறாளா, எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று தம்பியிடம் கேளுங்கள். தொடர்களில் முகபாவம் மிகையாக இருக்கும் என்பதால் தொடக்கத்துக்கு அவையே ஏற்றவை. துக்க வீட்டுக்கோ திருமணத்துக்கோ புறப்படும் முன், எங்கே உட்கார வேண்டும், என்ன பேச வேண்டும், உணவு எப்போது கிடைக்கும் என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா தன் வருத்தத்தை முகத்தால் மட்டும் காட்டாமல், "மாமா போய்விட்டாரே என்று அழுகை வருகிறது, கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்காரு" என்று வாய்விட்டுச் சொல்லட்டும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இதைத் தவறாமல் கூறுங்கள். மனச்சோர்வோ மருந்தின் மந்தமோ காரணமா என்பதையும் அவர் பார்ப்பார். இத்திறனை அளவிடுவதற்கென்றே நம் நாட்டுச் சூழலுக்கேற்ற சோதனைகளைப் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் உருவாக்கி 2011இல் வெளியிட்டிருக்கிறார்கள். உங்களுக்கு அருகிலேயே, வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தில், குடும்பத்தினரும் நோயாளியுடன் தங்கி, சிகிச்சையில் பங்கேற்கும் முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது.

அம்மாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். அவனுக்கு அன்று பசித்திருக்கிறது. அத்தனை பேர் கூடியிருந்த வீட்டில் அவன் தேடிப்போய்க் கேட்டது அவரிடம்தான்.