விழுந்தவர் அரையிறுதிக்குப் போனது எப்படி?

கொக்குவிலிலிருந்து எழுதிய அக்காவுக்கு வணக்கம். கனடாவில் வளரும் உங்கள் பெறாமகன், குறுந்தட விரைவுப் பனிச்சறுக்கு (பனிக்கட்டித் தளத்தின் சிறிய நீள்வட்டத் தடத்தில் பலர் ஒன்றாகச் சறுக்கும் பந்தயம்) இளையோர் சர்வதேசப் போட்டியின் 1000 மீற்றர் காலிறுதியில் விழுந்து கடைசியாக வந்தும் அரையிறுதிப் பட்டியலில் இடம்பெற்றது பிழையாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். பிழையில்லை.

111.12 மீற்றர் நீளமேயான அத்தடத்தில் எடுத்த நேரத்தைவிட முந்திவரும் வரிசையே பெரிதும் கணக்கில் எடுக்கப்படுவதால், வளைவில் ஒருவர் உட்புறமாக நுழைந்து மற்றவரை இடித்து வீழ்த்துவது அடிக்கடி நடக்கிறது. விழுந்தவர் அவ்வேளையில் தகுதிபெறும் இடத்தில் இருந்தார் என்று காணொளியைப் பார்த்துத் தலைமை நடுவர் தீர்மானித்தால், அவரை அடுத்த சுற்றுக்கு அனுப்பலாம். இடித்தவர் தண்டம் பெற்று வெளியேற்றப்படுவார். முடிவுப் பட்டியலில் உங்கள் பெறாமகனின் பெயருக்கு எதிரே 'ஏடிவி' (ADV, அடுத்த சுற்றுக்கு அனுப்பப்பட்டவர்) என்றும், இடித்தவருக்கு எதிரே 'பென்' (PEN, தண்டம்) என்றும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இவ்வாறு ஒருவர் சேர்க்கப்படுவதால், அரையிறுதியின் தொடக்கக் கோட்டில் வழமையைவிட ஓராள் கூடுதலாக நிற்கக்கூடும்.

தானாகவே இடறி விழுந்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது. இறுதிப் போட்டியிலோ, அனுப்புவதற்கு அடுத்த சுற்றே இல்லாதபடியால், பிறர் இடித்து விழுந்தவருக்கும் இந்த வழி இல்லை. இவ்விளையாட்டில் எனக்கு மிகக் கொடுமையாகத் தோன்றுவது அதுதான்.